கப்பலேறும் நாள்

கடற் பிரயாணம் இரு வகைப்படும். ஓரிடத்தை விட்டு வேறோரிடத்துக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதற்காகக் கப்பலேறுதல் ஒரு வகை. கப்பலிலே சில நாட்களைக் கழித்து வருதற்காகவே கப்பலேறுதல் மற்றொரு வகை. சுயஸ் கால்வாய் 1869 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பின்னர், ஐரோப்பாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே ஓடிய பிரயாணக் கப்பல்கள் கொழும்புத் துறைமுகத்திலே தங்கிச் செல்வது வழக்கமாயிருந்தது. அவற்றில் ஏறியவர்கள் முதல் வகையினர். உத்தியோகம், படிப்பு, குடியேற்றம் எனக் காரியம் ஒன்றைக் கருதியே அவர்கள் போயினர். கரையில் நின்று வழியனுப்பிய உறவினருக்கு அது பிரிவு நாள். ஆகாய விமானப் போக்குவரத்துப் பெருகவே அக்கப்பல்கள் படிப்படியாக மறைந்தன. ஆயினும் கப்பற் பிரயாணம் மறைந்துவிடவில்லை. இரண்டாவது வகையாக மாறி, முன்னரிலும் பன்மடங்கு பெருகியிருக்கின்றது.

இவ்வுல்லாசக் கப்பல்கள் பெரும்பாலும் புறப்பட்ட துறைக்கே திரும்பி வருவன. இடையில் இரண்டு மூன்று துறைகளைத் தொட்டு வரினும், பிரயாணிகள் விரும்பிச் செல்வது கப்பலையே எனலாம். இத்தகைய கப்பல்களுக்கு உலகிலே தலையாய துறைமுகங்களுள் ஒன்றாக விளங்குவது ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள மியாமி. 2023 ஒக்டோபர் தொடக்கம் 2024 செப்ரெம்பர் வரையுள்ள ஓராண்டில் அத்துறைமுகத்தின் வழியாகச் சென்று வந்த கப்பற் பிரயாணிகள் 80 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள். அத்தனை மக்கள் இடர் எதுவுமின்றிக் கப்பலேறுவதும் இறங்குவதும் எங்ஙனம் என்பதை அறிந்துகொள்ளுதல் பயனுடைத்து.

மியாமியிலிருந்து 2024 ஜனவரி 27 ஆந் திகதி தன் முதற் பயணத்தைத் தொடங்கிய 'ஐகொன் ஒவ் த சீஸ்' என்னும் கப்பலை எடுத்துக்கொள்வோம். பின்லாந்து நாட்டின் துர்க்கு நகரிலே கட்டப்பட்ட கப்பல் இது. அக்காலத்தில் உலகின் மிகப் பெரிய உல்லாசக் கப்பல் என்னும் பெயரைப் பெற்றது. இதன் சகோதரக் கப்பல் 2025 இல் சேவைக்கு வந்தது. ஐகொன் கப்பலின் நீளம் ஏறக்குறைய 365 மீற்றர், தளங்கள் இருபது. அறைக்கு இருவராகக் கணக்கிட்டால் 5,610 பிரயாணிகளும், எல்லாப் படுக்கைகளும் நிறைந்தால் 7,600 பிரயாணிகளும் தங்கலாம். சிப்பந்திகள் ஏறத்தாழ 2,350 பேர். ஆகக் கூடிய தொகையைக் கொண்டு பார்த்தால், பதினாயிரத்துக்குச் சற்றுக் குறைந்த மக்கள் ஒரே கலத்தில் மிதந்து செல்கின்றனர். சிறியதொரு பட்டினத்தின் குடித்தொகை எனலாம்.

இக்கப்பலின் அளவு 248,663 தொன் என்று கூறுவர். இதனைக் கேட்போர் பலர், கப்பலின் நிறை அவ்வளவு என்று கருதுவர். அஃது அவ்வாறன்று. இவ்விடத்திற் தொன் என்பது நிறையைக் குறியாது, கப்பலின் உள்ளே அடைபட்டுள்ள இடத்தின் கன அளவைக் குறிக்கின்றது. பழைய முறையில் நூறு கன அடி ஒரு தொன்னாகக் கொள்ளப்பட்டது. 1969 ஆம் ஆண்டுச் சர்வதேச உடன்படிக்கைக்குப் பின் கணிக்கும் முறை மாறியதாயினும், அடைபட்ட இடத்தையே அளக்கும் அடிப்படை மாறவில்லை. 1912 இல் மூழ்கிய டைட்டானிக் கப்பல் பழைய முறைப்படி 46,328 தொன் அளவினது; நீளம் 269 மீற்றர். ஆகவே ஐகொன் கப்பல் நீளத்தில் ஒன்றரை மடங்கை எட்டாவிடினும், கொள்ளிடத்தில் ஐந்து மடங்குக்கு மேற்பட்டது. நீளத்தினும் உயரத்திலும் அகலத்திலுமே இக்காலக் கப்பல்கள் மிகுதியாக வளர்ந்திருக்கின்றன என்பது இதனாற் புலனாகும்.

இக்கப்பலிலே கப்பலேறும் நாளானது இறங்கும் நாளுமாகும். ஏழு இரவுப் பயணத்தை முடித்துக்கொண்டு சனிக்கிழமை விடியற்காலையிற் கப்பல் துறையை அடைகின்றது. முந்திய வாரத்துப் பிரயாணிகள் யாவரும் காலையில் இறங்க, புதிய பிரயாணிகள் யாவரும் நண்பகலை ஒட்டி ஏற, அன்று மாலையே கப்பல் மீண்டும் புறப்படுகின்றது. இவ்விடைவேளையில் இரண்டாயிரத்து எண்ணூறுக்கு மேற்பட்ட அறைகள் துப்புரவு செய்யப்படல் வேண்டும். படுக்கை விரிப்புகள் மாற்றப்படல் வேண்டும். ஒரு வாரத்துக்கான உணவுப் பொருள்கள் ஏற்றப்படல் வேண்டும். குப்பை இறக்கப்படல் வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் வாயிலுக்கு வந்தால் இவையெல்லாம் குழம்பிவிடும். ஆதலின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வருகை நேரம் ஒன்று முன்னரே குறிக்கப்படுகின்றது.

இனி, அற்லாந்தா நகரத்திலிருந்து வரும் ஒரு குடும்பத்தை மனத்திற் கொள்வோம். தந்தை, தாய், பதினொரு வயது மகன், ஐந்து வயது மகள், தந்தையைப் பெற்ற எழுபத்தைந்து வயது மூதாட்டி ஆக ஐவர். இக்குடும்பத்தார் வெள்ளிக்கிழமையே மியாமிக்கு வந்துவிட்டனர். விமானம் தாமதமாயிற்று என்பதற்காகக் கப்பல் காத்து நில்லாது. அமெரிக்கத் துறையை விட்டுப் புறப்படும் கப்பல், தன்னிலுள்ளோர் அனைவரின் பெயர்ப் பட்டியலைப் புறப்படுதற்கு 60 நிமிடங்களுக்கு முன்னராவது சுங்க எல்லைக் காவற் பகுதியினருக்கு அனுப்பியிருத்தல் வேண்டும் என்பது சட்டம். பட்டியல் முடிந்த பின் வருபவர் வாயிலில் நின்று மன்றாடியும் பயனில்லை. ஓரிரவு விடுதிச் செலவை மிச்சம் பிடிக்கப் போய், ஒரு வாரப் பயணத்தையே இழந்தவர்கள் உளர்.

பத்திரங்கள் அடுத்த காரியம். கடவுச்சீட்டு இருப்பின் தொல்லையில்லை. ஒரே அமெரிக்கத் துறையிற் புறப்பட்டு அதற்கே திரும்பும் பயணமாயின், அமெரிக்கப் பிரசைகள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தோடு அரசாங்கம் வழங்கிய படமுள்ள அடையாளச் சீட்டைக் காட்டியும் செல்லலாம். பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் மாத்திரமே போதும். எனினும் வழியில் நோயுற்று அந்நிய நாட்டிலிருந்து விமானத்திற் திரும்ப நேர்ந்தால் கடவுச்சீட்டு இன்றியமையாதது. முதியவரை அழைத்துச் செல்லும் இக்குடும்பம் ஐந்து கடவுச்சீட்டுகளையும் எடுத்து வந்தமைக்குக் காரணம் அதுவே.

துறைமுகக் கட்டடத்தின் முன் மோட்டார் வண்டி நின்றவுடன் கூலியாட்கள் பெரிய பெட்டிகளைப் பெற்றுக்கொள்கின்றனர். ஒவ்வொரு பெட்டியிலும் பெயரும் அறை எண்ணும் அச்சிட்ட துண்டு கட்டப்பட்டிருக்கும். அப்பெட்டிகள் எக்ஸ் கதிர்ச் சோதனைக்குப் பின் இரும்புக் கூடுகளில் அடுக்கப்பட்டு, வேறு வாயிலாற் கப்பலுட் சென்று, அறை வாயிலை அடைய மாலையோ இரவோ ஆகிவிடும். மூதாட்டியின் நாளாந்த மருந்துகள் பெரிய பெட்டிக்குள் இருக்கின்றன என்பதைத் தாய் அந்த நேரத்தில் நினைவுகூர்ந்தாள். பெட்டியை நடைபாதையிலேயே திறந்து மருந்தை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டனர். மருந்து, பத்திரம், கண்ணாடி ஆகியவற்றைக் கையிலே கொண்டு செல்லுதல் எல்லாப் பிரயாணிகளும் கைக்கொள்ள வேண்டிய விதியாகும்.

மகனுடைய பையில் இருந்த மின்சார நீட்டுக் கம்பியைச் சோதனை செய்வோர் எடுத்து வைத்துவிட்டனர். மின்னழுத்தி, மெழுகுவர்த்தி முதலியவற்றுக்கும் அனுமதியில்லை. சிறுவனுக்கு இது வீண் கெடுபிடியாகத் தோன்றியது. ஆனால் நடுக்கடலிற் செல்லும் கப்பலுக்குத் தீயே பெரும் பகை. தரையில் வீடு தீப்பற்றினால் வெளியே ஓடலாம். தீயணைக்கும் படையை அழைக்கலாம். கடலில் இவ்விரண்டும் இல்லை. 2006 மார்ச்சு 23 ஆந் திகதி யமேக்காவை நோக்கிச் சென்ற 'ஸ்ரார் பிரின்செஸ்' என்னும் கப்பலின் மேன்மாடங்களிலே தீப் பரவிப் பெருந்தொகையான அறைகள் நாசமாயின. ஒரு பிரயாணி இறந்தார். அணைக்காமல் எறியப்பட்ட சிகரட்டுத் துண்டே பெரும்பாலும் காரணமாயிருக்கலாம் என விசாரணையாளர் கண்டனர். சிறிய பொருள்களின் மேல் இத்துணைக் கண்காணிப்பு ஏன் என்பது இதனால் விளங்கும்.

சோதனை முடிந்தபின் கடவுச்சீட்டைப் பார்த்து, ஒவ்வொருவரின் முகத்தையும் படம்பிடிக்கின்றனர். அப்படம் கப்பற் கணக்கிலே அவர் பெயரோடு சேர்க்கப்படுகின்றது. பின்னர் கப்பலிலிருந்து இறங்கும்போதும் ஏறும்போதும் அட்டையை இயந்திரத்திற் காட்டினால் அப்படம் காவலாளியின் முன் தோன்றும். அந்த அட்டையே அறைச் சாவி. அதுவே கடைகளிற் பணப்பை. அதைவிட முக்கியமான பயன் ஒன்றுண்டு. எந்த நேரத்திலும் கப்பலில் எத்தனை பேர் உளர், யார் யார் உளர் என்பதை இம்முறை துல்லியமாகக் காட்டுகின்றது. டைட்டானிக் கப்பலில் இறந்தவர் தொகை ஏறத்தாழ 1,500 என்று கூறுகின்றோமேயன்றி இன்றுவரை நூலுக்கு நூல் எண் வேறுபடுகின்றது. ஏறியவர் கணக்குத் திருத்தமாக இல்லாமையே அதற்குக் காரணம்.

நண்பகலுக்குச் சற்றுப் பின்னர் இக்குடும்பம் இணைப்புப் பாலத்தைக் கடந்து கப்பலுள் நுழைந்தது. உள்ளே கண்டது கப்பல் போலவே தோன்றவில்லை. கடைத்தெரு, மரஞ்செடி நிறைந்த பூங்கா, பல நீச்சற் குளங்கள், நீர்ச்சறுக்குப் பாதைகள் எனப் பட்டினமொன்றின் காட்சியே தெரிந்தது. அறைகள் ஆயத்தமாகவில்லை, ஆகவே யாவரும் உணவு மண்டபத்துக்குச் சென்றனர். வாயிலிலே கை கழுவும் தொட்டிகள் வரிசையாக அமைக்கப்பட்டிருந்தன. நெருங்கி வாழும் கூட்டத்தில் வயிற்றோட்டமும் வாந்தியும் விளைக்கும் நோரோ வைரசு விரைவிற் பரவும். மருந்துத் திரவத்தைக் கையிற் தடவுதல் அதற்குப் போதிய காப்பன்று. சவர்க்காரமும் நீருமே சிறந்தவை. அமெரிக்க நோய்த் தடுப்பு நிலையம் 1975 தொடக்கம் இக்கப்பல்களின் சுகாதாரத்தைப் பரிசோதித்துப் புள்ளி வழங்கி வருகின்றது. நூற்றுக்கு 85 அல்லது அதற்குக் குறைந்த புள்ளி பெற்ற கப்பல் தேறாத கப்பலாகக் கொள்ளப்படும்.

உணவு முடிந்ததோ இல்லையோ, மகன் நீர்ச்சறுக்குப் பாதையை நோக்கி ஓடத் தலைப்பட்டான். தந்தை அவனைத் தடுத்து, முதலிற் கூடுமிடத்தைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்றார். "ஏழு நாள் இருக்கின்றதே, பிறகு பார்க்கலாமே," என்பது சிறுவனின் வாதம். பெரியவர்கள் பலரும் அன்று இதையே எண்ணுகின்றனர். இந்த எண்ணத்தின் விலை என்ன என்பதைக் கப்பற் சரித்திரம் காட்டுகின்றது.

டைட்டானிக் கப்பலில் ஏறத்தாழ 2,200 பேர் இருந்தனர். உயிர்காப்புப் படகுகள் இருபது. அவற்றில் 1,178 பேருக்கே இடம் இருந்தது. இப்பற்றாக்குறை யாவரும் அறிந்தது. அறியப்படாத மற்றொன்று உண்டு. உயிர் தப்பியவர் எழுநூறு பேரளவினரே. ஆகவே இருந்த இடங்களிலும் நானூறுக்கு மேற்பட்டவை பயன்படாது போயின. நாற்பது பேர் கொள்ளக்கூடிய படகொன்று பன்னிருவரோடு இறக்கப்பட்டது. எங்கே போவது, எந்தப் படகில் ஏறுவது என்பதைப் பிரயாணிகள் அறியார். பெருங் கப்பலை விட்டுச் சிறு படகில் ஏற முதலில் அவர்கள் மனம் துணியவுமில்லை. படகு மட்டும் போதாது, பழக்கமும் வேண்டும் என்பது அவ்விரவு கற்பித்த பாடம்.

அதன் பயனாக 1914 இல் இலண்டனிலே கடலில் உயிர்ப் பாதுகாப்புப் பற்றிய முதற் சர்வதேச உடன்படிக்கை உருவாயிற்று. முதல் உலகப் போர் மூண்டமையால் அது நடைமுறைக்கு வரவில்லை. பின்னர் பன்முறை புதுக்கப்பட்டு, இன்று 1974 ஆம் ஆண்டு உடன்படிக்கை திருத்தங்களோடு வழக்கில் இருக்கின்றது. அதன்படி படகுகளிலும் மிதவைகளிலுமாகக் கப்பலிலுள்ளோர் அனைவருக்கும் இடம் இருப்பதோடு, மேலும் நூற்றுக்கு 25 வீதம் மிகையாகவும் இருத்தல் வேண்டும். எல்லோரும் உயிர்காப்பு அங்கி அணிந்து கூடிய பின், கப்பலைக் கைவிடும் கட்டளை பிறந்து 30 நிமிடங்களுக்குள் அவையனைத்தையும் இறக்கிவிடக் கூடிய ஏற்பாடும் வேண்டும். இங்கே 'கூடிய பின்' என்னும் சொற்களை ஊன்றி நோக்குக. கூடுதற்கு எவ்வளவு நேரம் செல்லும் என்பது பிரயாணிகளின் கையிலேயே இருக்கின்றது.

இவ்வுடன்படிக்கையிலும் ஒரு குறை நெடுங்காலம் இருந்து வந்தது. கப்பலேறிய 24 மணி நேரத்துக்குள் பிரயாணிகளைக் கூட்டி ஒத்திகை நடத்தினாற் போதும் என்று விதி இருந்தது. 2012 ஜனவரி 13 ஆந் திகதி மாலை 'கொஸ்தா கொன்கோடியா' என்னும் கப்பல் இத்தாலியின் சிவித்தாவெக்கியாத் துறையிலிருந்து 4,229 பேருடன் புறப்பட்டது. சில மணி நேரத்தில் ஜிலியோத் தீவின் பாறையில் மோதிற்று. அன்று மாலை அத்துறையில் ஏறிய பிரயாணிகளுக்கு ஒத்திகை மறுநாளுக்கே குறிக்கப்பட்டிருந்தது. அவர்களைப் பொறுத்தமட்டில் கப்பலேறிய நாளே கப்பல் கவிழ்ந்த நாளாயிற்று. மோதி ஒரு மணி நேரத்துக்கு மேற் கழிந்த பின்னரே கப்பலைக் கைவிடும் அறிவிப்பும் வந்தது. இருளிலே, சாய்ந்த தளங்களிலே, வழி தெரியாது அலைந்தவர் பலர். 32 பேர் மாண்டனர். இதன் பின் விதி திருத்தப்பட்டது. ஒத்திகை கப்பல் புறப்படுதற்கு முன்னரோ, புறப்பட்டவுடனேயோ நடைபெறல் வேண்டும் என்பது 2015 ஜனவரி 1 முதல் சட்டமாயிற்று.

ஒத்திகை நடைபெறும் முறையும் அண்மையில் மாறியிருக்கின்றது. முன்னர் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்திற் தளங்களிலே அணிவகுத்து நிற்பர். 2020 இல் கொள்ளைநோய் பரவியதன் பின், நெருக்கத்தைத் தவிர்க்கப் பல கம்பனிகள் வேறு முறையை மேற்கொண்டன. பிரயாணிகள் பாதுகாப்பு விளக்கப் படத்தைக் கைத்தொலைபேசியிலோ அறைத் தொலைக்காட்சியிலோ பார்த்துவிட்டு, தமக்குரிய கூடுமிடத்துக்குத் தாமே சென்று பதிவு செய்துகொள்கின்றனர். இது வசதியான முறை. ஆயினும் படத்தை ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பவருக்கு எதுவும் மனத்திற் பதியாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இக்குடும்பத்தில் மூதாட்டியே அக்காரியத்தை முறையாகச் செய்வித்தார். விளக்கப் படத்தை யாவரும் ஒன்றாக அமர்ந்து பார்க்கவேண்டும் என்றார். ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் அபாய அறிவிப்பு என்பதைப் பேரனைக் கொண்டே சொல்லச் செய்தார். அறைக்குச் செல்ல அனுமதி கிடைத்ததும், அறை வாயிலிலிருந்து கூடுமிடத்துக்கு மின்தூக்கியில் அன்றி மாடிப்படி வழியாகவே செல்வோம் என்று வற்புறுத்தினார். அபாய வேளையில் மின்தூக்கியை நம்பலாகாது. நான்கு மாடிகளை இறங்க அவருக்கு எட்டு நிமிடங்கள் சென்றன. இருமுறை நின்று மூச்சு வாங்கவும் நேர்ந்தது. அப்பொழுதுதான் தந்தைக்கு உண்மை புலப்பட்டது. அபாயம் வந்தால் தாம் தாயாரைத் தாங்கி வருவதா, பிள்ளைகளைத் தேடி ஓடுவதா?

கூடுமிடத்திலிருந்த சிப்பந்தியிடம் அவர் அதனைக் கேட்டார். நடக்க இயலாதோருக்கு உதவி செய்யச் சிப்பந்திகள் தனியே நியமிக்கப்பட்டிருக்கின்றனர் என்றும், முன்னரே பெயரைப் பதிந்துகொள்ளுதல் நன்று என்றும் விடை கிடைத்தது. சிறுமியின் மணிக்கட்டிலே கூடுமிடத்தின் எண் பொறித்த பட்டை கட்டப்பட்டது. அவள் சிறுவர் விளையாட்டு மண்டபத்தில் இருக்கும்போது அபாயம் நேர்ந்தால், அங்குள்ள பொறுப்பாளர் அவளைப் பெற்றோரின் கூடுமிடத்துக்கு அழைத்து வருவர். பெற்றோர் கூட்டத்துக்கு எதிரே ஓடித் தேடுதல் கூடாது. பிள்ளையைத் தேடாதிருத்தல் எந்தத் தாய்க்கும் எளிதன்று. ஆயினும் ஆயிரக்கணக்கானோர் இறங்கும் படியில் ஒருவர் எதிர்த்து ஏறினால், அவர் தம் பிள்ளையையும் அடையார், பிறர் வழியையும் அடைப்பர். நேரம் வருமுன் இதனை நன்கு பேசி மனத்தை ஆயத்தஞ் செய்தலே ஒத்திகையின் உயிரான பகுதி. மூதாட்டியின் பெயரைப் பதிந்த பின்னரே குடும்பம் அவ்விடத்தை விட்டகன்றது. மகன் நீர்ச்சறுக்குப் பாதையை அடைந்தபோது முக்கால் மணி நேரமே பிந்தியிருந்தது.

மாலையில் இணைப்புப் பாலம் விலக்கப்பட்டது. துறைமுக வழிகாட்டி கப்பலில் இருந்து வழி சொல்ல, கட்டுக் கயிறுகள் கழற்றப்பட்டன. முன்புறத்தில் நீரைப் பக்கவாட்டிற் தள்ளும் சுழலிகளும், பின்புறத்தில் எத்திசையிலும் திரும்பவல்ல சுழலிகளும் அப்பெரிய கலத்தைக் கரையிலிருந்து மெல்ல விலக்கின. இவ்வசதி உள்ள கப்பல்களுக்கு இழுவைப் படகுகளின் துணை பெரும்பாலும் வேண்டுவதில்லை. ஒரு புறம் பிஷர் தீவும் மறு புறம் மியாமிக் கடற்கரையும் அமைய, இடையே வெட்டப்பட்ட ஒடுங்கிய வாய்க்கால் வழியே கப்பல் அத்திலாந்திக் சமுத்திரத்தை நோக்கிச் சென்றது. கரையோரத்தில் நின்றவர்கள் கையசைத்தனர். மேற்றளத்தில் நின்றவர்களும் கையசைத்தனர். முன்பின் அறியாதவர்களே இங்ஙனம் ஒருவரையொருவர் வழியனுப்புகின்றனர். சமுத்திரத்தை அடைந்ததும் வழிகாட்டி சிறு படகில் இறங்கித் திரும்பினார். இரவு உணவுக்குப் பின் பெட்டிகளும் அறை வாயிலை வந்தடைந்தன.

கப்பலேறும் நாள் களிப்பு நிறைந்த நாள். அக்களிப்பை வேண்டாமென ஒருவரும் கூறார். ஆனால் பத்திரம், சோதனை, கை கழுவுதல், கூடுமிடம் என அன்று பிரயாணிகளைத் தடுத்து நிறுத்தும் விதி ஒவ்வொன்றின் பின்னாலும், எங்கோ எப்பொழுதோ யாரோ பட்ட துன்பம் இருக்கின்றது. அதனை அறிந்தவர் அவ்விதிகளைச் சலிப்பின்றிக் கைக்கொள்வர். தீவக மக்களாகிய நாம் படகிலும் தோணியிலும் பாரிய கப்பலிலும் செல்ல நேர்பவர்கள். கலம் எதுவாயினும், ஏறியவுடன் இறங்கும் வழியைப் பார்த்துக்கொள்ளுதலும், உடன் வந்த முதியவருக்கும் குழந்தைக்கும் யார் துணை என்பதைப் பேசி வைத்துக்கொள்ளுதலும் சில நிமிட வேலைகளே. அவ்வேலையைக் கலம் கரையில் நிற்கும்போதே செய்துவிடல் வேண்டும்.